ஐனர் வீட்டு வெண்கலச் சாமி

1

என் மகள் அபிராமியின் கல்யாண நாள் ஆவணி மாதத்தில் வருகிறது. ஒவ்வொரு வருடமும் அன்று காலை வேலைக்குப் புறப்பட முன் அவளுக்குத் தொலைபேசி எடுப்பேன். வாழ்த்துச் சொல்வேன், மருமகனைச் சுகம் கேட்பேன், அங்கே மழையா வெயிலா என்று கேட்பேன். இவ்வளவோடு வைத்துவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைப்பது. என் வாய் சும்மா இருக்காது. "ஏதும் விசேஷம் உண்டோ பிள்ளை?" என்று கேட்டுவிடுவேன். அவள், "நை, மோர்" என்பாள். இந்த டென்மார்க் நாட்டின் டெனிஸ் மொழியில் நை என்றால் இல்லை, மோர் என்றால் அம்மா. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், முப்பது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் புளிக்கத்தான் செய்கிறது.

இந்த வருடமும் கேட்டேன். வழக்கமான பதில் வரவில்லை. டெனிஸில், ஏதோ அலுவலகத்தில் இருந்து கதைக்கிறவள் போல நிதானமாகச் சொன்னாள். தானும் புருஷனும் பிள்ளைக்காக ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுக்கிறார்களாம். தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். இனிமேல் நான் அதைக் கேட்கக் கூடாதாம்.

"சொல்ல ஏதாவது இருந்தால் நானே எடுப்பேன். அதுவரைக்கும் நீங்கள் எடுக்க வேண்டாம்" என்றாள்.

"ஐயோ பிள்ளை, எனக்கேன் சொல்லேல்லை? நான் ஆரோ பிறத்தியாளே?" என்று தொடங்கினேன். அவள் வைத்துவிட்டாள்.

அவள் இருப்பது அல்பர்ட்ஸ்லுண்டில், கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்தில். நான் இருப்பது ஒடென்சேயில். ரயிலில் ஏறினால் முற்பகலுக்குள் போய்ச் சேரலாம். ஆனால் இந்த நாட்டில் பெற்ற பிள்ளையின் வீட்டுக்கும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இவர், என் புருஷன், இருந்தபோது இரண்டு பேருமாக வருடத்தில் ஒன்றிரண்டு தடவை போவோம். அவர் செத்து ஆறு வருடம். அதற்குப் பிறகு போய் வந்த நாட்களை நினைத்தாலே கண் கலங்கும், அவ்வளவு குறைவு.

2

எனக்கு வேலை வயதானவர்களின் வீடுகளில். தனியாக இருக்கிறவர்களுக்கு உதவி செய்ய கொமூன், அதாவது நகரசபை, எங்களை அனுப்புகிறது. எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம் எடுக்கலாம் என்று எல்லாம் விடியற்காலையில் கைத்தொலைபேசியில் வந்துவிடும். ஒரு வீட்டில் மருந்து, ஒரு வீட்டில் குளிப்பு, ஒரு வீட்டில் காலுறை. காலுறை என்றால் லேசாக நினைக்க வேண்டாம். கால் வீங்காமல் இருக்க வைத்தியர் கொடுக்கிற இறுக்கமான சாமான் அது. அதை இழுத்து ஏற்றி முடிக்கிறபோது வெளியில் பனி கொட்டினாலும் எனக்கு வியர்த்துவிடும்.

கதைப்பதற்கு மட்டும் அந்தத் தொலைபேசியில் நிமிடம் ஒதுக்குவதில்லை. அதனால் காலுறை ஏற்றுகிற நேரத்திலேயே கதைத்துக்கொள்வோம்.

ஐனர் அப்படிக் கதைக்கிற ஒரு கிழவர். எண்பத்தெட்டு வயது. முன்னர் இங்கே கப்பல் கட்டும் தளத்தில் இயந்திர வேலை பார்த்தவர். மனைவி ரூத் செத்துப்போய் நாலைந்து வருடம். பிள்ளைகள் இல்லை. என்னை யோகா என்று கூப்பிடுவார். என் பெயர் யோகேஸ்வரி. இந்த நாட்டில் அதை முழுதாகச் சொல்லி முடித்த ஆள் ஒருவரும் இல்லை. முதல் நாள் அவர், "நீ தலைகீழாக நிற்பாயா?" என்று கேட்டார். "காலுறை ஏற்றும்போது கிட்டத்தட்ட அப்படித்தான் நிற்கிறேன்" என்று சொன்னேன். அன்றோடு எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

அவர் வீட்டுக்கு வேறு ஆள் வந்து நான் கண்டதில்லை. என் வீட்டுக்கும் ஆர் வருகிறார்கள்? கோயில் திருவிழாவில் கண்டால் கட்டிப்பிடிக்கிற சனம், பிறகு அடுத்த திருவிழாவுக்குத்தான் கண்ணில் படும். எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் தூரம். ஆளைக் குறை சொல்லி என்ன.

3

டெனிஸ்காரர் வீடுகளில் ஜன்னல் விளிம்பு நிறைய ஏதாவது அடுக்கி வைத்திருப்பார்கள். பூச்சாடி, மெழுகுதிரி, பீங்கான் பறவை. ஐனரின் ஜன்னலில் பூச்சாடிகளுக்கு நடுவே ஒரு சிறிய வெண்கலச் சிலை நின்றது. ஒரு சாண் உயரம் இருக்கும். தலையில் இரண்டு நெட்டை இறகு. ஒரு கை மேலே தூக்கியபடி. உடம்பைத் துணியால் சுற்றிக் கட்டியது போல இரண்டு காலும் ஒன்றாக ஒட்டி இருந்தது. இவ்வளவும் சரி. மற்றக் கை எங்கே இருந்தது என்பதை நான் எழுத மாட்டேன். சொல்ல வேண்டிய இடம் ஒன்று மறைப்பில்லாமல், நிமிர்ந்து நின்றது. கண்ட உடனே "சிவ சிவா" என்று பார்வையைத் திருப்பினேன்.

அன்று நிலம் துடைத்துவிட்டுப் போகும்போது அதை ஜன்னலோரச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அடுத்த நாள் வந்து பார்த்தால் பழையபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் திரும்பவும் திருப்பினேன். அது திரும்பவும் திரும்பியிருந்தது. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படியே ஒரு மாதம் போயிருக்கும். கடைசியில் ஒரு காலை அவர் காலை நீட்டிக்கொண்டே, "யோகா, அந்த மனுஷன் உனக்கு என்ன செய்தான்?" என்று கேட்டார்.

"அவருக்கு உடுப்பு இல்லை" என்றேன்.

கிழவர் சிரித்ததில் ஏற்றிய காலுறை பாதியில் வழுக்கி வந்துவிட்டது.

அப்போதுதான் விவரம் சொன்னார். அது எகிப்து நாட்டுச் சாமியாம். பெயர் மின். பிள்ளை வரமும் விளைச்சலும் கொடுக்கிற கடவுள். ரூத்தின் தகப்பன் கப்பலில் போனவர், எப்போதோ அலெக்ஸாந்திரியாத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு வந்தாராம். ஒருமுறை நூதனசாலையில் கொண்டுபோய்க் காட்டியபோது கையுறை போட்ட ஒரு பெண் பார்த்துவிட்டு, உண்மையானதுதான், யேசு பிறப்பதற்கு முந்தியது என்று சொன்னாளாம். அந்தக் காலத்தில் அவருக்கு இலைக்கோசு படைப்பார்களாம், நாங்கள் சலாட் போடுகிற அதே பச்சை இலை.

"எங்கட பிள்ளையாருக்கு அறுகம்புல் படைக்கிற மாதிரி" என்று நான் சொன்னேன். பிறகு பிள்ளையாரை விளங்கப்படுத்த வேண்டி வந்தது. யானைத்தலை வந்த கதையைச் சொன்னபோது, "உன்னுடைய ஆட்களை விட மின் பரவாயில்லை" என்றார்.

அன்று கிட்டப்போய்ப் பார்த்தேன். சிலை முழுக்கப் பச்சைப் பாசி பிடித்தது போல இருந்தது. இடது தோளில் மட்டும் ஒரு நகமளவு இடம் தங்கம் மாதிரி மின்னியது. அடியில் இவ்வளவு நல்ல நிறத்தை வைத்துக்கொண்டு இப்படி ஊத்தையோடு நிற்கிறதே பாவம் என்று நினைத்தேன். டெனிஸ்காரருக்கு நிலம் துடைக்கத் தெரியும், சாமியைத் துடைக்கத் தெரியாது.

4

ஆவணியில் அபிராமி தொலைபேசியை வைத்த அன்றும் முதல் வேலை ஐனர் வீட்டில்தான். முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். வேலைக்குப் போன இடத்தில் சொந்தக் கதை கதைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ரூத்துக்கும் பிள்ளை இருக்கவில்லை. கல்யாணம் முடித்த புதிதில் இருந்து தினமும் காலையில் கோப்பி போட முன் மின்னைத் தொடுவாள்."

எங்கள் சனத்துக்கு இருக்கிற வாய் எனக்கும் இருக்கிறது. "பலன் கிடைத்ததா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"பிறகு ஏன் தொட்டா?"

யோசித்தார். "அறுபது வயதிலும் தொட்டாள், எழுபதிலும் தொட்டாள். அப்போது பிள்ளைக்காக இருக்க முடியாது. நான் கேட்கவில்லை."

"ஒருக்காலும் கேட்கேல்லையோ?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கியது போலத் தலையை ஆட்டினார். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்து எழும்பிய மனுஷியிடம் கேட்காமல் இருந்திருக்கிறாரே, இது என்ன சனம் என்று எனக்கு ஆத்திரமாகக்கூட வந்தது.

5

கேட்கிறதைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்து நாலு வருடம் எனக்குப் பிள்ளை இல்லை. சந்தையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், செத்தவீட்டில் ஒப்பாரிக்கு நடுவில்கூட ஒரு மனுஷி காதுக்குள் கேட்டாள். இவரின் தங்கச்சியின் கல்யாணத்தன்று பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆலாத்தி எடுக்க ஆள் தேடினார்கள். நான் பக்கத்தில் நின்றேன், தட்டைத் தூக்கினேன். பெரியமாமி ஓடிவந்து வாயெல்லாம் சிரிப்பாக, "நீ இரு பிள்ளை, களைச்சுப் போவாய், கமலா எடுக்கட்டும்" என்று தட்டை வாங்கினா. கமலாவுக்கு மூன்று பிள்ளைகள். நான் அடுப்படிக்குப் போய், ஒருவரும் கேட்காமலே ஒரு கடகம் வெங்காயத்தை உரித்துப் போட்டேன். கண்ணில் தண்ணீர் வர ஒரு காரணம் வேண்டும்தானே.

அபிராமி இந்த நாட்டில் பிறந்தாள். இவருக்கு அப்போது இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலையில் இரவு வேலை. ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் எனக்குத் தெரிந்த டெனிஸ் சொற்கள் இரண்டே இரண்டு, ஓம் என்பதும் நன்றி என்பதும். மருத்துவிச்சி எதைக் கேட்டாலும் ஓம் என்றேன், எதைச் செய்தாலும் நன்றி என்றேன். பிள்ளையை நெஞ்சில் தூக்கி வைத்தபோது, இனி என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்க ஏலாது என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு.

அப்படிப்பட்ட நான்தான் ஒவ்வொரு ஆவணியிலும் அவளிடம் விசேஷம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. வேறு என்னத்தைக் கேட்பது? அவள் வேலை என்னவென்று நாலு தரம் சொல்லித் தந்தாள், விளங்கவில்லை. அவள் பார்க்கிற படம், அவள் சாப்பிடுகிற சாப்பாடு ஒன்றும் எனக்குத் தெரியாது. எனக்கும் அவளுக்கும் பொதுவாகக் கதைக்கக் கூடியது இந்த ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

புரட்டாதி போனது, ஐப்பசி போனது. தொலைபேசி வரவில்லை. குளிக்கும்போதும் அதைக் குளியலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுக்க முடியவில்லை. மஞ்சள் பூசிய துணியில் ஒரு காசை முடிந்து பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைக்கிறபோது செய்கிறதுதான், காரியம் ஆனதும் அவிழ்த்துக் கோயிலில் சேர்ப்பது. ஊரில் என்றால் எந்தச் சாமி என்று தேட வேண்டியதில்லை. இங்கே எங்கள் சாமிகளிடம் எல்லாம் சொல்லியாயிற்று. பிள்ளை வரத்துக்கென்றே இருக்கிற ஒருவர் கண்ணுக்கு முன்னால் சும்மா நிற்கும்போது அவரிடமும் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறை?

ஐனர் குளியலறையில் இருந்தார். நான் துணியைச் சாமியின் இடுப்பில் சுற்றிக் கட்டினேன். காசு முன்பக்கம் தொங்கியது. நேர்த்தியும் ஆயிற்று, மானமும் மறைந்தது. சமையலறையில் சலாட் இலை இருந்தது, அதில் ஒன்றைக் காலடியில் வைத்தேன். ஐனர் வெளியில் வந்து நின்று பார்த்தார்.

"உன் மகளுக்கா?"

"ஓம்."

"அப்படியானால் இருக்கட்டும்" என்றார். போகும்போது, "இப்போது அவன் உடுத்திருக்கிறான். உனக்குச் சந்தோஷம்தானே?" என்று ஒரு பகிடியும் விட்டார்.

6

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் வீட்டில் குத்துவிளக்கு, செம்பு, மணி எல்லாவற்றையும் புளி போட்டு மினுக்கினேன். அம்மா செய்தது, மாமி செய்தது, நானும் செய்கிறேன். பழப்புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்தால் வருகிற பளபளப்பு இந்த நாட்டில் விற்கிற ஒரு போத்தலிலும் இல்லை. கரைத்த புளி கொஞ்சம் மிஞ்சியது. எறிய மனம் வரவில்லை, ஒரு டப்பாவில் போட்டு அடுத்த நாள் வேலைக்குக் கொண்டுபோனேன். என்ன யோசனையோடு கொண்டுபோனேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அன்று ஐனர் வீட்டில் நிலம் துடைக்கிற நாள். அவரை உடற்பயிற்சிக்கு வாகனத்தில் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டுத் திறப்பு என்னிடம் இருந்ததால் நானே கதவைத் திறந்துகொண்டு போனேன். நிலத்தை அவசரமாகத் துடைத்து முடித்தேன். பிறகு சாமியின் துணியை அவிழ்த்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவரைத் தொட்டிக்கு எடுத்துப் போனேன்.

நேர்த்தி வைத்த சாமியை ஊத்தையோடு விடுவது எங்கள் வழக்கம் இல்லை. விளக்கீடு அன்று ஒரு சாமி இருட்டில் பச்சை பிடித்து நிற்பதை நினைக்க எனக்குக் கை பரபரத்தது. வெளியில் பத்து மணியாகியும் சரியான வெளிச்சம் இல்லை. நான் தேய்க்கத் தேய்க்கப் பச்சை கரைந்து தொட்டிக்குள் ஓடியது. இறகுக்குள் தேய்த்தேன், கக்கத்துக்குள் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். மறைக்க வேண்டிய இடத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு மரியாதையாகத் தேய்த்தேன். கடைசியில் வெந்நீரில் கழுவினேன். அப்பா, என்ன வடிவு! கண்ணும் மூக்கும் உதடும் தெரிந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு இருந்ததை அன்றுதான் கண்டேன். துணி கொண்டு துடைத்துக்கொண்டே, "பாரும், இவ்வளவு வடிவாக்கி விட்டிருக்கிறன். என்ர பிள்ளைக்கு ஒரு வழி காட்டும்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

கதவு திறந்தது. ஐனர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் சந்தோஷமாக இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினேன்.

அவர் கதிரையில் அமர்ந்து கையை நீட்டினார். கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, ஜன்னல் பக்கம் திருப்பி, இடது தோளைப் பார்த்தார். பெருவிரலால் தடவினார். திருப்பி மற்றத் தோளைப் பார்த்தார். பிறகும் இடது தோள்.

"அவள் இங்கேதான் தொடுவாள்" என்றார். "மற்ற இடமெல்லாம் பச்சையாக இருந்தது. இந்த இடத்தில் மட்டும் அவளுடைய விரல் இருந்தது."

அந்த நகமளவு மினுக்கம். ஆரோ துடைக்கத் தொடங்கி அரைகுறையில் விட்டது என்று நான் நினைத்த மினுக்கம். இப்போது முழுச் சிலையும் அதே நிறம், எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஏலாது.

7

மன்னிப்புக் கேட்பதற்கு டெனிஸில் ஒரு சொல்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்தாலும் அதே சொல். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். பிறகு விளங்கப்படுத்தத் தொடங்கினேன். விளக்கீடு பற்றி, புளி பற்றி, எங்கள் கோயில்களில் சிலைகளை எப்படி மினுக்குவார்கள் என்பது பற்றி. நூதனசாலைக்கு நான் கொண்டுபோய்க் கேட்கிறேன், ஏதாவது மருந்து பூசினால் பச்சை திரும்பி வருமாம் என்றேன். வருமா என்று எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். என் மேற்பார்வையாளருக்கு நானே அறிவிக்கிறேன், என்னை மாற்றி வேறு ஆளை விடச் சொல்லுங்கள் என்றேன். கோப்பி போடட்டுமா என்றேன்.

"யோகா" என்றார். "பேசாதே. இரு."

இருந்தேன். அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டது என்று சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அவர் மடியில் மின். மழை ஜன்னலில் அடித்தது. எனக்கு ஒரு நூறு சொல் தொண்டையில் வந்து நின்றது. ஒன்றைச் சொன்னாலும் அது எனக்காகச் சொல்கிறதாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் அழுதார். சத்தம் இல்லை, மூக்கை மட்டும் அடிக்கடி துடைத்தார். நான் அவர் கையைப் பிடிக்கவும் இல்லை. இருந்த இடத்தில் இருந்தேன்.

பிறகு அவர் எழும்பி, சிலையைப் பழைய இடத்தில் வைத்தார். மஞ்சள் துணியைத் தானே எடுத்து என்னிடம் நீட்டினார். "கட்டு. இது உன் மகளுடையது" என்றார். முதல் முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன்.

அவர் கொமூனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அழைத்து விசாரித்தார்கள், பெறுமதியான பொருட்களில் கை வைக்கக் கூடாது என்று நினைவூட்டினார்கள், கிழவரிடமும் கேட்டார்கள். அவர், "காலுறை ஏற்ற யோகாதான் வர வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அதனால் இப்போதும் போகிறேன். முந்தி மாதிரிக் கதைப்பதில்லை. சில காலைகளில் ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு காலுறையும் ஏறிவிடும். ஆனாலும் நான் போகும்போது, "நாளைக்கு வருவாயா?" என்று கேட்கிறார். முன்னர் அப்படிக் கேட்டதில்லை.

8

அபிராமி எடுத்தது மார்கழியில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். வழியெல்லாம் பனி உறைந்து வழுக்கியதால் அன்று சைக்கிளை எடுக்காமல் ட்ராம் தரிப்பிடத்தில் நின்றேன். அடுத்ததாக ஒரு அம்மாவுக்குச் சாப்பாடு சூடாக்கிக் கொடுக்க வேண்டும். திரையில் மகளின் பெயரைக் கண்டதும் கையுறையை வாயால் இழுத்துக் கழற்றினேன்.

"அம்மா" என்றாள். மோர் இல்லை, அம்மா.

"சொல்லு பிள்ளை."

"சரிவரேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். இந்த நாலு மாதமும் இந்தத் தொலைபேசிக்காக நான் எவ்வளவு தயார்ப்படுத்தி வைத்திருந்தேன் தெரியுமா? சரிவந்தால் சொல்ல ஒரு கட்டு, சரிவராவிட்டால் சொல்ல ஒரு கட்டு. கவலைப்படாதை பிள்ளை, எனக்கும் நாலு வருஷம் இல்லைத்தானே. இன்னொருக்கால் செய்து பார். நல்லாச் சாப்பிடு. கந்தசஷ்டி விரதம் பிடி. இன்ன கோயிலுக்கு எழுதிப் போடுறன். எல்லாம் ஒரேயடியாக நாக்கு நுனிக்கு வந்தது.

"ஓம் பிள்ளை" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவள் காத்துக்கொண்டிருந்தாள். அறிவுரைக்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்று நினைக்கிறேன். ஒன்றும் வரவில்லை என்று கண்டபோது அவளுக்குள் ஏதோ உடைந்தது. அழத் தொடங்கினாள். சின்ன வயதில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால் எப்படி அழுவாளோ, அதே குரல்.

"வரட்டோ?" என்று கேட்டேன். அது ஒன்றைத்தான் கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். பிறகு அவசரமாக, "வைச்சிடாதீங்கோ. ஒண்டும் சொல்லவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம். அப்பிடியே நில்லுங்கோ" என்றாள்.

நின்றேன். அழுகை மெல்ல மெல்ல ஓய்ந்தது. தொலைபேசியை எங்கேயோ மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள் போல. கதிரை உரசுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்க் குழாய் திறந்தது, கேத்தில் நிறைந்தது. ஒரு அலுமாரிக் கதவு அடித்து மூடியது, அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே கதவை மெதுவாக மூடத் தெரியாது. கோப்பையில் கரண்டி சுற்றியது. சீனி போடுகிறாள் என்று தெரிந்தது. என் மகள் தேத்தண்ணிக்குச் சீனி போடுவாளா இல்லையா என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ட்ராம் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. வேலைக்குத் தந்த மற்றத் தொலைபேசி சட்டைப்பையில் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை.

"அம்மா, நிக்கிறீங்களோ?" என்று தூரத்தில் இருந்து கேட்டாள்.

"நிக்கிறன் பிள்ளை" என்றேன். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.